பேத்தியின் முதல் முடி

வந்த தபாலுக்கு உரிய காலத்தில் பதில் எழுத வேண்டும். முடிவெடுக்கத் தாமதமாகும் என்றால், ‘தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது’ என்று ஒரு வரி இடைக்காலப் பதிலாவது போக வேண்டும். அலுவலக நடைமுறையில் இதைவிட எளிய விதி கிடையாது. நான் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக நுழைந்து துணைத் தாசில்தாராக வெளியே வந்தவன். மழை பொய்த்த வருஷங்களில் இளையரசனேந்தல் பக்கத்திலிருந்து நிவாரணம் கேட்டு வந்த மனுக்களுக்கெல்லாம் இடைக்காலப் பதில் போட்டிருக்கிறேன். நிவாரணம் போகவில்லை. பதில் போயிற்று. அந்த மனுதாரர்கள் யாரும் எனக்குப் பெற்ற தகப்பன் இல்லை.

என் மகனுக்கு நான் பெற்ற தகப்பன். அவன் அப்போது இத்தாலியில், நேப்பிள்ஸ் நகரத்தில், கப்பல் பழுது பார்க்கும் கம்பெனியில் என்ஜினீயர். மனைவி சிவகிரிப் பெண், பாளையங்கோட்டையில் படித்தவள். இரண்டு பெண் குழந்தைகள். பெரியவளுக்கு முதல் முடி இங்கேயே இறக்கியாகிவிட்டது. சின்னவள் அங்கே பிறந்தவள். மாதம் நிறையாமல் பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். தந்தி வந்த அன்று என் மனைவி நேரே எங்கள் ஊர்க் கோமதி அம்மன் சன்னதிக்குப் போய், பிள்ளை பிழைத்தால் மூன்று வயது முடிவதற்குள் ஆடித்தபசு அன்று முதல் முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டாள். அதுவரை தலையில் கத்தரி படக்கூடாது. பிள்ளை பிழைத்தது. அம்மன் தன் பக்கத்துக் கடமையை முடித்துவிட்டாள். பாக்கி எங்கள் பக்கம்.

பேத்திகளைப் பார்க்க வாருங்கள் என்று மகன் டிக்கெட் அனுப்பினான். எண்பதுகளின் நடுவில், ஆடித்தபசு முடிந்த கையோடு கிளம்பினோம். என் மனைவியின் கைப்பையில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையக் கோவில் புற்றுமண். எங்கள் ஊரில் சொறி, சிரங்கு, கொப்புளம் எதற்கும் முதல் வைத்தியம் அதுதான். நாலு வீடு தள்ளியிருந்த எம்.பி.பி.எஸ். டாக்டரே நெற்றியில் பூசிக்கொண்டுதான் ஊசியை எடுப்பார். ரோம் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்த்தார். “காட்ஸ் சாயில்” என்றேன். எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு மூடிக் கொடுத்தார். அந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த கடைசி மரியாதை அது.

மகன் வீடு மூன்றாவது மாடி. போய் இறங்கிய மறுநாளே மருமகள் வீட்டு நடைமுறைகளைச் சொன்னாள். ஜன்னல் திறந்திருக்கும்போது மிளகாய் வறுக்கக்கூடாது. வேட்டியோடு பால்கனிக்குப் போகக்கூடாது. மூன்றாவதாகச் சொன்னதை அவளே கொஞ்சம் தயங்கித்தான் சொன்னாள்.

“அத்தை, சின்னவ இன்னும் சரியாப் பேச ஆரம்பிக்கல. வீட்டுல ஒரு பாஷை, நர்சரியில ஒரு பாஷைன்னா பிள்ளை குழம்புதான்னு டீச்சர் சொல்லுதா. அதனால அவகிட்ட ரொம்பப் பேச்சுக் குடுக்காதீங்க.”

“அப்போ நான் பேசாம இருந்தாத்தான் பிள்ளை பேசும், அப்படித்தான?” என்றாள் என் மனைவி.

“அப்படி இல்ல அத்தை...”

“சரி மக்கா. ஊருல உங்க மாமா கூட இத்தனை வருஷம் அப்படித்தான இருந்தேன். பழக்கம்தான்.”

அதற்குப் பிறகு அவள் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் கோதிக்கொண்டிருந்தாள். சுருட்டை முடி. கண்ணை மறைத்துக்கொண்டு விழும். நர்சரியில் வெட்டச் சொல்கிறார்கள் என்று மருமகள் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவாள். “ஆடி வரைக்கும் பொறு மக்கா” என்று இவளும் வாரத்துக்கு ஒரு தடவை சொல்லுவாள்.

பெரியவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவது என் மனைவியின் வேலை. சேலையும் கம்பளிச் சட்டையுமாகப் போவாள். ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் மருமகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பெரியவளின் சிநேகிதியின் அம்மா போன் செய்து, உங்கள் வீட்டு வேலைக்காரி சாயங்காலத்தில் எங்கள் வீட்டுக்கும் வருவாளா என்று கேட்டிருக்கிறாள். பெரியவள்தான் பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் தொண்டையைச் செருமினான்.

என் மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள்: “சமையலும் செய்யணுமாமா, பாத்திரம் மட்டும் போதுமாமா?”

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

புற்றுமண் விஷயம் ஐப்பசியில் வந்தது. சின்னவளுக்கு இரண்டு வயது முடிந்த வாரம். மருமகளுக்கு இடுப்பு வலி. கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவில் வெந்நீர் ஊற்றுச் சேற்றை உடம்பெல்லாம் அப்பி, துணியால் சுற்றிப் படுக்க வைப்பார்கள். அதற்கு மாதக்கணக்கில் முன்பதிவு. மகனும் அவளும் சனிக்கிழமை போய் ஞாயிறு சாயங்காலம் திரும்பினார்கள். அதற்குள் சின்னவளின் முழங்கையில் தடிப்பு வந்து, என் மனைவி மண்ணைக் குழைத்துப் பூசிவிட்டிருந்தாள்.

“என்னது அத்தை இது?”

“புத்துமண்ணு மக்கா. அரிப்பு நின்னு இப்பத்தான் உறங்குதா.”

“மண்ணையா பூசுனீங்க? பச்சைப் பிள்ளை மேலயா? அதுல என்னென்ன கிருமி இருக்குமோ!”

“நீ பூசிக்கிட்டு வந்தது எந்த மண்ணு?”

“அது ட்ரீட்மென்ட் அத்தை!”

 மகனின் காதுமடலுக்குப் பின்னால் தீவுச் சேறு கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்தது. மருமகள் பாட்டிலைப் பால்கனிக்கு எடுத்துக்கொண்டு போய், பூச்செடித் தொட்டியில் கவிழ்த்தாள். மறுநாள் காலையிலிருந்து என் மனைவி அந்தத் தொட்டியின் முன் நின்று கும்பிட ஆரம்பித்தாள். அத்தைக்குப் பூ என்றால் உயிர் என்று மருமகள் தன் சிநேகிதிகளிடம் சொன்னாள். அடுத்த வீட்டுப் பூனைக்கும் அந்தத் தொட்டிதான் பிடித்திருந்தது. அது வந்துபோன பிறகு இவள் மேல்மண்ணைக் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டுக் கும்பிடுவாள்.

கிளம்பும் அன்று ரயில் நிலையத்தில் என் மனைவி மகனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதமும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“ஏலே, வாற ஆடிதான் கடைசி. அதுக்கப்புறம் பிள்ளைக்கு மூணு முடிஞ்சிரும். கூட்டிக்கிட்டு வந்திருவல்லா?”

“வாரோம்மா. ஊருக்குப் போயி அப்பாவை ஒரு லெட்டர் போடச் சொல்லுங்க. தேதி தெரிஞ்சா லீவு போட்டிருவேன்.”

பக்கத்தில் சாட்சிக்கு நான் நின்றிருந்தேன். வாய்மொழி உறுதி.

தை பிறந்ததும் முதல் கடிதம் எழுதினேன். பொருள், ஆடித்தபசு நாள், குழந்தையின் வயது, எடுக்க வேண்டிய விடுப்பு, எந்த வழியாக வந்தால் எந்த ரயில் என்று எல்லாம் தெளிவாக இருந்தது. என் மனைவி வாசித்துக் காட்டச் சொன்னாள்.

“‘மேற்கண்ட பொருள் தொடர்பாக’ன்னா என்ன?”

“பிள்ளை முடி விஷயம்.”

“அதை ‘கண்ணு, பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா’ன்னு எழுதப்படாதா? உங்க லெட்டருக்கு ஆபீஸ்காரனே பதில் போட மாட்டான்.”

நகல் ஒன்றைச் சிவகிரிக்கு, மருமகளின் அண்ணனுக்கு அனுப்பினேன். குழந்தையை மடியில் உட்கார வைத்துத்தான் முடி எடுக்க வேண்டும், அந்த மடி தாய்மாமனுடையதாக இருக்க வேண்டும். அவரைக் கேட்காமல் நாள் குறிக்க முடியாது. அவரிடமிருந்து மறு தபாலில் கார்டு வந்தது. ‘மாமா, என் மடி காலியாகத்தான் இருக்கிறது.’ எலுமிச்சைத் தோட்டம் வைத்திருப்பவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். பதில் போடத் தெரிந்திருந்தது.

மாசியில் முதல் நினைவூட்டு. சித்திரையில் இரண்டாவது. டிரங்க் கால் போட்டுப் பேசுங்கள் என்று என் மனைவி நச்சரித்தாள். எழுத்தில் இருக்கும் விஷயத்தை வாயால் கேட்டால், வாயால் ஒரு சாக்குச் சொல்லிவிடுவான், நம் கையில் ஒன்றும் இருக்காது என்று விளக்கினேன். ஆனியில், பதிலுக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கட்டித் தந்தி அனுப்பினேன். அப்படிக் கட்டினால் பெறுபவன் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஒரு வார்த்தை எழுதிக் கொடுப்பது. தந்தி போய்ச் சேர்ந்தது. அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

கோவிலில் கொடி ஏறிவிட்டது. கொடியேறிய நாளிலிருந்து ஊர்ப் பெண்கள் பிரகாரத்தைச் சுற்றுவார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். அம்மன் ஒற்றைக் காலில் தவம் நிற்பதால் அவள் காலுக்கு வலிக்காமலிருக்கச் சுற்றுவது என்பார்கள். முழங்கால் வாதத்தோடு என் மனைவியும் சுற்றினாள். சுற்றிவிட்டு வந்து, நான் கேட்காமலே, “தபால்காரர் வரலியே?” என்பாள். அவர் வந்துவிட்டுத்தான் போயிருப்பார், மின்சார வாரிய அட்டையோடு.

தபசு அன்று காலையில் முதல் பஸ்ஸில் சிவகிரியிலிருந்து தாய்மாமன் வந்துவிட்டார். புது வேட்டி. கையில் பச்சைப் பட்டில் சின்னப் பாவாடை, சட்டை.

“பதில் வந்துச்சா மாமா?”

“இல்லை.”

“பதில் வரலேன்னா என்ன, ஆளு நேர வந்தாலும் வந்திருவாங்க. எதுக்கும் போயி உக்காந்திருவோம். நேரத்துக்கு மடி இல்லேன்னு ஆயிரப்படாது.”

முடி எடுக்கும் கொட்டகையில் அவர் காலை மடக்கி உட்கார்ந்தார். முடி எடுக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்: “பிள்ளை எங்கன?”

“இத்தாலியில.”

“எப்ப வரும்?”

“அதான் தெரியல. நீரு கத்தியைத் தீட்டும்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். பாவாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். ராஜபாளையத்திலிருந்து வரும் பஸ் ஒவ்வொன்றையும் எழுந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். உச்சி வெயில் ஏறியது. அப்போது என் மனைவி குழாயடியில் தலையை நனைத்துக்கொண்டு, கொண்டையை அவிழ்த்துப் போட்டபடி வந்து பலகையில் உட்கார்ந்தாள்.

“எனக்கு எடுங்க.”

“ஏட்டி, என்ன செய்யுத? எந்திரி” என்றேன். “நேர்ந்தது பிள்ளை தலைக்கு. உன் தலைக்கு இல்லை. ஆளை மாற்றிக் கொடுப்பதற்கு விதி கிடையாது.”

“உங்க விதிக்கு யாரு பதில் போட்டா?”

தாய்மாமன் எனக்கும் அவளுக்கும் நடுவில் புகுந்தார். “விடுங்க மாமா. அத்தை குடுக்காங்க. நீங்க குடுக்கலாம்னா உங்க தலையிலதான் ஒண்ணும் இல்லியே.”

மறுபடியும் சிரிப்பு. கத்தி உச்சியில் இறங்கியது. இடுப்புக்குக் கீழே தொங்கிய முடி, பாதி நரை. அது விழ விழ, என்னோடு இத்தனை வருஷம் இருந்தவளின் தலை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. பின்மண்டையில் ஒரு பள்ளத் தழும்பு. எப்போது பட்டது என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை. சந்தனத்தை அப்பிக்கொண்டு எழுந்தாள். தாய்மாமன் பச்சைப் பாவாடையை என்ன செய்வதென்று தெரியாமல் பைக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

சாயங்காலம் தெற்கு ரத வீதியில் தபசுக் காட்சி. சுவாமி வந்து அம்பாளுக்குத் தரிசனம் கொடுக்கிறார். கொடியேறிய நாளிலிருந்து கணக்கு வைத்தாலும் அம்பாளின் தவம் இரண்டு வாரத்துக்குள் பைசல். மனுவைக் கொடுத்த இடத்துக்கே அதிகாரி நேரில் வந்து உத்தரவு போடும் வழக்கம் எனக்குத் தெரிந்து அங்கே ஒரு இடத்தில்தான் உண்டு. அந்த நேரத்தில் விவசாயிகள் விளைந்ததையெல்லாம் சப்பரத்தை நோக்கி வீசுவார்கள். பருத்தி, மிளகாய் வற்றல், கம்பு. யாரோ வீசிய பருத்தி வந்து என் மனைவியின் ஈரச் சந்தனத் தலையில் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவள் கும்பிட்டுக்கொண்டிருந்தாள், எடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெண்பிள்ளை அதைப் பார்த்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. சின்னவள் வயதுதான் இருக்கும். அதற்கும் மொட்டை.

அடுத்த தபாலில் நேப்பிள்ஸ் முத்திரையோடு தடித்த உறை வந்தது. மகன் எழுத்து, அரைப் பக்கம். நர்சரியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் பேன். பங்குனியிலேயே சின்னவள் முடியை ஒட்ட வெட்டவேண்டியதாகிவிட்டது. அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் நாட்கள் போய்விட்டன. தந்தி கிடைத்தது. முடியைப் பத்திரமாக எடுத்து வைத்திருந்தோம், இத்துடன் இருக்கிறது, கோவிலில் சேர்த்துவிடவும். இந்த வருஷம் வீடு மாற்றுகிறோம், இடம் சின்னது. நீங்கள் வருவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் உறைக்குள் சுருட்டை முடி, சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. என் மனைவி அதை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள். ஏதோ மருந்து வாடை. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தன் தலையை ஒரு தடவை தடவினாள்.

“இனி இதை எங்கன போட? நேத்தே குடுத்து முடிச்சாச்சே.”

“திருப்பி அனுப்பிவிடவா?”

“வேண்டாம். ‘வந்து சேர்ந்துச்சு’ன்னு மட்டும் எழுதுங்க. மொட்டையைப் பத்தி ஒண்ணும் எழுதப்படாது.”

கார்டு எடுத்தேன். கிடைத்தது என்று மட்டும் எழுதினால் ஒப்புகை ஆகாது. எது, என்று கிடைத்தது என்று இருக்க வேண்டும். அதன்படி எழுதினேன். தங்கள் கடிதமும் இணைப்பும் கிடைத்தன. கிடைத்த நாள்: ஆடித்தபசுக்கு மறுநாள்.