மொழியின் பேருக்காக அருமைராசா பட்ட பயம்

ஓடிப்போனவர் என்று ஆர் சொன்னது? வியாழக்கிழமை காலமை அவர் தெருவில் போனதைக் கண்டவர்கள், வாய் இருக்கிறது என்பதற்காக எதையும் சொல்லிவிடுவதா? அருமைராசா வீட்டைவிட்டு ஓடவும் இல்லை, ரஷ்யாக்காரி ஒருத்திக்குப் பின்னால் போகவும் இல்லை. அறுபத்திரண்டு வயதில், முழங்கால் நோவோடு, மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் அதைத் தேடுகிற மனிசன் அவர். அவரைக் கூட்டிக்கொண்டு போக எந்த ரஷ்யாக்காரி வரப்போகிறாள்? நடந்ததைக் கேளுங்கோ. அவருடைய மனிசி இந்திராதேவி கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் இதுதான்.

கனடாவில், ரொக்ஸ்பரோவில் வீடு. சென்ட் லோரன்டில், மருந்துப் பெட்டிகள் அடுக்குகிற ஒரு வேர்ஹவுசில் வேலை. இளந்தாரிக் காலத்தில் புலமைப்பரிசில் கிடைத்து கீவ் நகரத்துக்குப் போய் எந்திரவியல் படித்தவர். படிப்புக்கு ரஷ்ய மொழி. சந்தையிலும் பஸ்சிலும் காதில் விழுந்து விழுந்து உக்ரைன் மொழியும் வந்துவிட்டது. இங்கே வந்த பிறகு அந்தப் படிப்பை ஒருவரும் கேட்கவில்லை. பிரெஞ்சு தெரியுமா, முப்பது கிலோ தூக்குவீரா, இரண்டையும்தான் கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பேஸ்மென்டில் கணினிக்கு முன்னால் போய் இருந்துவிடுவார். இணையத்தில் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்று இருக்கிறதாம். உலகத்தில் ஆரும் அதில் எழுதலாம், ஆரும் திருத்தலாம், எழுதினதற்கு ஆதாரம் மட்டும் காட்டவேண்டும். பிழை என்று நினைக்கிறவர்கள் அதற்கென்று இருக்கிற பேச்சுப் பக்கத்தில் சண்டை பிடிக்கலாம். சம்பளம் ஒரு சதமும் இல்லை. "ஓசி வேலைக்கு உந்தக் கண்ணைக் கெடுக்கிறியளே அப்பா" என்று இந்திராதேவி எத்தனையோ தரம் பேசியிருக்கிறாள்.

சண்டை, உக்ரைன் மொழிக்கு முந்தி என்ன பேர் என்பதில். அந்தச் சனம் ஒரு காலத்தில் தன் மொழியை 'ருஸ்கா மோவா' என்று சொன்னது. மேற்குப் பக்கத்து ராசாங்கம் அதை 'ருத்தேனியம்' என்று எழுதியது. ரஷ்யச் சக்கரவர்த்தியின் அரசாங்கக் கந்தோர்களோ 'சின்ன ரஷ்யம்' என்று பதிந்து வைத்தன. அங்கே போர் தொடங்கின பிறகு இந்தப் பேர்களுக்காகவே கணினியில் ஆட்கள் அடிபட்டார்கள். அருமைராசாவுக்கு எதிராக நின்றவனுக்கு முகமும் இல்லை, பேரும் இல்லை, பேர் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் எண்கள்தான். 'சின்ன ரஷ்யம் என்பதுதான் உண்மைப் பேர், அது தனி மொழியே இல்லை' என்று அவன் முதல் வரியில் போடுவான். அருமைராசா எடுப்பார். அவன் திரும்பப் போடுவான்.

அருமைராசாவிடம் ஒரு புத்தகம் இருந்தது. மாணவனாக இருந்தபோது லிவிவ் நகரத்துப் பழைய புத்தகக் கடையில் வாங்கின பள்ளிக்கூட வாசிப்புப் புத்தகம். நூற்றிருபது வருஷத்துக்கு மேல் பழசு. அதன் முன்னுரையில் ஒரு வாத்தியார் தெளிவாக எழுதியிருந்தார்: எங்கள் சனம் தன் மொழியைச் சொல்லுகிற பேர் 'ருஸ்கா மோவா', 'சின்ன ரஷ்யம்' என்பது கந்தோர்க் கடதாசியில் வேறு ஆட்கள் போட்ட பேர். அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்று நினைத்தார் பாவி மனிசன்.

பிழை அங்கேதான் நடந்தது. பழைய புத்தகம் விரிந்து நிற்காது. பக்கத்தை அமத்திப் பிடிக்க, கைக்கு எட்டினதை எடுத்து ஓரத்தில் வைத்தார். எட்டினது அவருடைய அம்மாவின் கல்வெட்டு. செத்தவீடு முடிந்து முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுக்கிற நினைவுப் புத்தகம் தெரியும்தானே. முன் அட்டையில் போனவரின் படம், உள்ளே தேவாரம், பரம்பரை, பின் அட்டையில் எல்லாருக்கும் நன்றி. துக்கம் விசாரிக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மகனின் முழுப்பேர், வீட்டு இலக்கம், தெரு, தொலைபேசி எல்லாம் ஆங்கிலத்திலும் போட்டிருக்கும். படத்தின் ஓரத்தில் அந்தப் பின் அட்டை அச்சொட்டாக விழுந்துவிட்டது. அருமைராசாவின் கண்ணுக்குத் தெரிந்தது வாத்தியாரின் முன்னுரை மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிபோல் போன் அடித்தது. இந்திராதேவிதான் எடுத்தாள். ஓர் ஆம்பிளைக் குரல் "அருமைராசா" என்ற பேரை உடைத்து உடைத்து வாசித்தது. பிறகு வீட்டு இலக்கத்தை வாசித்தது. பிறகு மூச்சுச் சத்தம் மட்டும். பின்னேரம் அருமைராசா வேலையால் வந்ததும் அவரிடம் கேட்டாள்.

"ஆரப்பா அது?"

"பிழையான நம்பராயிருக்கும்."

"பிழையான நம்பர்காரனுக்கு எங்கடை வீட்டு இலக்கம் எப்பிடித் தெரியும்?"

அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். அடுத்த நாள் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டார். திரைச்சீலைகளை இழுத்து மூடினார். சாப்பாட்டுக்கு மட்டும் மேலே வந்தார். சனிக்கிழமைதான் "இஞ்சை வா" என்று கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்.

கணினியில் முதல் நாள் வந்த ஒரு கடிதம், அதில் அவர்களுடைய வீடு. படிக்கட்டு, கதவு, முன் யன்னல். கீழே ரஷ்ய மொழியில் இரண்டு வரி. அவர் மொழிபெயர்த்தார். "எழுதினதை எடு. இரண்டு கிழமை தாறம். பேந்து கதவைத் தட்டுவம்."

இந்திராதேவி திரைக்குக் கிட்டக் குனிந்தாள். "பயப்பிடாதை" என்றார் அவர், தன் பயத்தை மறைத்துக்கொண்டு. "இது கணினியிலை தெரு காட்டிற மாப்பிலை கிடக்கிற பழைய படம். வீட்டிலை இருந்துகொண்டே ஆரும் எடுக்கலாம்."

"பழைய படமோ? யன்னலை வடிவாப் பாருங்கோ."

யன்னலில் நாவல் நிறத் திரைச்சீலை. அதை அவள் வாங்கி மாட்டினது போன ஞாயிற்றுக்கிழமை.

பொலிசுக்கு அறிவித்தார்கள். இரண்டு பேர் வந்து மரியாதையாக எழுதிக்கொண்டு, தெருவைச் சுற்றிப் பார்க்கிறோம் என்று சொல்லிப் போனார்கள். லவாலில் இருக்கிற மகள் அஜந்தா "ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ அம்மா" என்று அழுதாள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு இந்தப் பயத்தைக் காவிக்கொண்டு போக அருமைராசா சம்மதிக்கவில்லை.

ஞாயிறு விடியப் பார்த்தால் புதுப் பனி. பனிக்குள் சப்பாத்து அடையாளம். தெருவிலிருந்து வளவுக்குள் வந்து, பேஸ்மென்டின் சின்ன யன்னலடியில் நின்று, உழக்கிவிட்டுத் திரும்பிப் போயிருந்தது. அன்றைக்கே அவர்கள் இரண்டு பேருமாக அரிசிச் சாக்கு இரண்டை இழுத்துக் கதவுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தார்கள்.

அரிசி இருந்தாலும் மரக்கறி வேண்டுமே. செவ்வாய்க்கிழமை அவள் தமிழ்க் கடைக்குப் போனாள். அங்கே, இரண்டு வீடு தள்ளி இருக்கிற பேரின்பநாதன் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றார்.

"என்ன தங்கச்சி, மனிசனைக் காணேல்லை? ரஷ்யாக்காரிக்குக் காதல் கடிதம் எழுதிறதிலை மும்முரமோ?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆர் சொன்னது நாதன் அண்ணை?"

"சொல்லவும் வேணுமே? ஸ்கிரீன் முழுக்க ரஷ்ய எழுத்து. பக்கத்திலை மேசையிலை ஒரு பொம்பிளையின்ரை படம் வேறை."

இந்திராதேவி கையில் இருந்த கத்தரிக்காயைக் கீழே வைத்தாள். "எங்கையிருந்து பாத்தனியள்?"

பேரின்பநாதன் ஒரு வெங்காயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சனிக்கிழமை இரவு பனிக்குள்ளை கோயில் நோட்டீஸ் தர வந்தனான். பெல் அடிச்சன், ஒருத்தரும் திறக்கேல்லை. அதுதான்... கீழ் யன்னல் சீலை இடுக்காலை..."

"அது என்ரை மாமியின்ரை படம் அண்ணை. கல்வெட்டிலை இருக்கிற படம். எண்பத்தொன்பது வயதிலை செத்தவ. உங்கடை சப்பாத்து அடையாளத்துக்குப் பயந்து மூண்டு நாளா நாங்கள் கதவுக்கு அரிசிச் சாக்கு வைச்சிருக்கிறம், தெரியுமே?"

இந்த முறை கடைக்காரனும் சேர்ந்து சிரித்தான். அவள் வீட்டுக்கு வரும்போது நெஞ்சில் ஒரு பாரம் குறைந்த மாதிரி இருந்தது. சப்பாத்தைக் கழற்றவில்லை, போன் அடித்தது. அதே குரல். இலக்கத்தை வாசித்துவிட்டு, ஆங்கிலத்தில் திரைச்சீலையின் நிறத்தைச் சொன்னது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவள் போன் வயரைச் சுவரிலிருந்து இழுத்துக் கழற்றினாள்.

கலைக்களஞ்சியத்தை மேற்பார்வை செய்கிறவர்கள் விலாசம் தெரிந்த படத்தை அழித்து, எண்கள்காரனையும் உள்ளே வரவிடாமல் தடுத்தார்கள். அருமைராசா வேறு படம் எடுத்துப் போட்டார். உடனே இன்னொருவன் வந்தான். 'அப்படி ஒரு புத்தகம் உலகத்தில் எந்த நூலகத்திலும் இல்லை. வீட்டிலிருந்து பக்கம் செய்து போடுகிறார்' என்றான். மற்றவர்களும் யோசித்தார்கள். ஒரு பொது நூலகத்தில் அந்தப் புத்தகம் இருந்தால் ஆரும் போய்ப் பார்க்கலாம், அதுவரை அந்த வரியை எடுத்துவைப்போம் என்றார்கள். அவர் நகரத்து நூலகம் ஒன்றுக்கு எழுதினார். வியாழக்கிழமை பத்து மணிக்கு நேரில் கொண்டுவாருங்கள், கையெழுத்து வாங்கிப் பதிவோம் என்று மறுமொழி வந்தது. அவன் கொடுத்த இரண்டு கிழமையில் அது கடைசி நாளுக்கு முதல் நாள்.

"தபாலிலை அனுப்புங்கோ" என்றாள் இந்திராதேவி.

"தொலைஞ்சால் என்னட்டை இன்னொண்டு இல்லை."

"அப்ப விடுங்கோ. உக்ரைன்காரன் தன்ரை மொழிக்குத் தான் சண்டை பிடிக்கட்டும். உங்களுக்கென்ன வந்தது?"

"அவையும் பிடிக்கினம்தான். ஆனா புத்தகம் என்னட்டையெல்லோ கிடக்கு."

"அவன் வாசலிலை வந்து நிண்டால்?"

அவர் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தார். "எனக்கும் பயம்தான் இந்திரா" என்றார் பிறகு. "வாசிச்சதை வாசிக்கேல்லை எண்டு எப்பிடி எழுதிறது, சொல்லு."

அவள் அலுமாரியைத் திறந்து பழைய சேலை ஒன்றை எடுத்துக் கிழித்தாள்.

வியாழக்கிழமை அவர் தாடியை வழித்தார். புத்தகத்தை அந்தச் சேலைத் துண்டில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, கோட்டுக்குள் நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினார். இரண்டு பேருமாகச் சாக்குகளை இழுத்தார்கள். அப்போதுதான் திரைச்சீலை இடுக்கால் அவள் கண்டாள். எதிர்ப்பக்கம் ஒரு சாம்பல் நிறக் கார், எஞ்சின் ஓடியபடி புகை விட்டுக்கொண்டு நின்றது. அந்தத் தெருவில் ஒருநாளும் காணாத கார்.

"பொறுங்கோ. அது போகட்டும்."

கால் மணித்தியாலம் பார்த்தார்கள். கார் போகவில்லை.

"ரயில் தவறப்போகுது" என்று சொல்லிவிட்டு அவர் கதவைத் திறந்தார்.

கம்பியைப் பிடித்துப் பிடித்துப் படி இறங்கினார்.  ரயில் நிலையத்துக்குப் போக அந்தக் காரைத் தாண்டித்தான் போகவேண்டும். அவர் தெருவில் கால் வைக்கவும் காரின் வெளிச்சம் பற்றவும் சரியாக இருந்தது.

இந்திராதேவி கோட்டும் போடவில்லை. வீட்டுச் செருப்போடு ஓடிப்போய்க் காருக்கு முன்னால் நின்று, அதன் மூக்கில் இரண்டு கையையும் ஊன்றினாள். கண்ணாடியில் உறைபனி. உள்ளே ஓர் உருவம் அசைந்தது, முகம் தெரியவில்லை.

"உள்ளை போ இந்திரா!" என்று அருமைராசா கத்தினார்.

"நீங்கள் நடவுங்கோ! திரும்பிப் பாராதேங்கோ, நடவுங்கோ!"

அவர் நடந்தார். காரின் கோன் ஒருதரம் நீட்டி அடித்தது. செருப்புக்குள் பனி ஏறி அவளுடைய கால் மரத்துப்போனது. மூலை திரும்பும்வரை அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, கையை எடுக்காமல் நின்றாள்.