சுவரில் மாட்டிய ஜன்னல்பெட்டி

இலங்கை மலையகத்தில், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமிக்கு ஒரு ஜன்னல் வேண்டியிருந்தது. வீடுகள் ஒட்டி வரிசையாக நிற்கும் லயத்தின் கடைசி வீடு அவளுடையது; அதற்கு மட்டும் ஜன்னல் இல்லை. கதவை மூடினால் அடுப்புப் புகை உள்ளேயே நிற்கும். திறந்தால் குளிர் வந்து பாயில் படுத்துக்கொள்ளும். மகள் தலைப்பிரசவத்துக்கு வரவிருந்தாள். பச்சைப்பிள்ளை அந்தப் புகையில் எப்படி மூச்சு விடும்?

கேட்டபோதெல்லாம் தோட்ட நிர்வாகம் ஒரே பதிலைச் சொன்னது. லயத்துச் சுவரில் புதிதாக எதையும் உடைக்கக் கூடாது, இருப்பதைப் பழுதுபார்க்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை பழைய பங்களாவைச் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிட்டார். அதற்குப் போகும் பாதை லயத்து ஓரமாகத்தான் போகிறது. வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று, காற்றில் சாய்ந்த சீடர் மரத்தை அறுத்து ஜன்னல்களுக்குக் கீழே பூப்பெட்டி வைக்கச் சொன்னார். தச்சுவேலை செய்யும் வீரய்யா பாஸ் ஜன்னல்களை எண்ணாமல் வீடுகளை எண்ணிச் செய்துவிட்டார். மிஞ்சிய பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனால் ஏச்சு விழும் என்று நாகலெட்சுமியின் வெறுஞ்சுவரில் போல்ட் போட்டு இறுக்கினார்.

“இதுக்கு மேல ஜன்னல் எங்க பாஸ்?”

“பெட்டி வந்துருச்சுல்ல அக்கா. ஜன்னல் பின்னாலயே வரும்.”

அவள் அதில் ஜெரேனியம் பூச்செடி நட்டுத் தண்ணீர் ஊற்றினாள்.

வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அதைப் பார்த்துவிட்டு உடனே கழற்றச் சொன்னார். இழுத்தால் சுவர் பெயரும், அதற்கு அனுமதி வேண்டும் என்றார் வீரய்யா. ஜன்னலில்லாத பெட்டி துரை கண்ணில் பட்டால் வம்பு என்று கண்டாக்கு கணக்குப் போட்டார். பிறகு பெயிண்டரை அனுப்பிப் பெட்டிக்கு மேலே நீலச்சட்டம், கண்ணாடி, திரைச்சீலை எல்லாம் வரையச் செய்தார். வெளிச்சம் வரட்டும், திரையை விலக்கி வரையுங்கள் என்று நாகலெட்சுமி கேட்டுக்கொண்டாள். பெயிண்டரும் மறுபேச்சில்லாமல் விலக்கி வரைந்தார். வேலைக்குப் போகும் பெண்கள் அந்த ஜன்னலைப் பார்த்து அவளைக் கூப்பிடுவார்கள். அவள் கதவு வழியாக வந்து பதில் சொல்வாள்.

ஒருநாள் துரை விருந்தாளிகளோடு அவ்வழியே வந்தார். ஒரு வெள்ளைக்காரம்மா சீடர் வாசனையை மோந்து பார்த்துவிட்டு, வீட்டின் உட்புறத்தையும் பார்க்க ஆசைப்பட்டார். பாதையில் நின்றபடியே துரை ஜன்னலைத் திறக்கச் சொன்னார். கண்டாக்கு குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார்.

“இறுகிப் போச்சுங்க தொரை,” என்றாள் நாகலெட்சுமி. “நானும் எத்தனையோ வருசமா தள்ளிப் பாக்குறேன். அசைய மாட்டேங்குது.”

விருந்தாளிகள் முன்னால் துரைக்கு வெட்கமாகிவிட்டது. அதை உடனே பழுதுபார்க்கும்படி கண்டாக்குக்கு உத்தரவிட்டார். மறுநாளே வீரய்யா சம்மட்டியோடு வந்து, சட்டம் வரைந்திருந்த கோட்டிலேயே சுவரை உடைத்துப் பழுதுபார்த்தார்.

மகள் வந்தாள், பிள்ளை பிறந்தது. அடுப்புப் புகை ஜன்னல் வழியாக நேரே ஜெரேனியத்தின் மேல் போனது. பூவெல்லாம் கரியானதும், பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கண்டாக்கு வந்து நின்றார்.

“பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போங்கய்யா,” என்றாள் நாகலெட்சுமி. “மெதுவாத் தட்டுங்க. புள்ள தூங்குது.”