நானூற்றிருபதில் ஆடும் சுவர்

1968 சித்திரை. நிமிடத்துக்கு நானூற்றிருபது சுற்று. அமராவதிபுதூர் அரிசி மில்லில் எஞ்சின் அந்த வேகத்தில் ஓட, பழுது பார்க்க வந்த அரசப்பன் ஆசாரி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருக்கிறார். சுவரை ஒட்டி விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய டம்ளர். அதை அவர் பார்க்கக்கூட இல்லை.

"என்ன ஆசாரி, வெத்தலை போடவா வந்தீக?" என்றார் மில்காரர் உடையப்பன்.

"கெளம்புனதும் மெசினும் செவரும் சண்டை போடும், மொதலாளி. அது அடங்கட்டும். அப்புறம் மிஞ்சுறதுதான் நெச ஆட்டம்."

வாய் சிவக்க நான்கு நிமிடம் ஆயிற்று. டம்ளர் பாதி காலி. மீதித் தண்ணீரும் துள்ளிக்கொண்டிருந்தது.

அந்த டம்ளர் அவருடைய சைக்கிளிலேயே ஊர் ஊராகப் போகும். அதில் அவர் குடித்து யாரும் பார்த்ததில்லை. "காதை நம்ப மாட்டேன். தண்ணி பொய் சொல்லாது" என்பார்.

சுவருக்கு அப்பால் பக்கத்து வீட்டுச் சிட்டாளின் சமையற்கட்டு. அங்கே விரல் நுழையும் வெடிப்பு. இன்று ஆட்டம் நிற்காவிட்டால் மில்லை மூடச் சொல்லி மனுக் கொடுப்பதாக வாசலில் நின்றார் சிட்டாள்.

"சத்தம் தாங்கலைன்னு இவுக சொன்னதாலதான் தையில வேகத்தைக் கொறைச்சேன்" என்றார் உடையப்பன்.

"செவரு எப்ப வெடிச்சுச்சு, ஆத்தா?" என்று கேட்டார் அரசப்பன்.

"மாசியில."

அரசப்பன் சிரித்துவிட்டார். "செவருக்குன்னு ஒரு ஆட்டம் இருக்கு. ஊஞ்சல் திரும்பி வரவரத் தள்ளுற மாதிரி, நீங்க வேகத்தைக் கொறைச்சதுலருந்து மெசின் அந்தத் தாளத்துலயே தள்ளிக்கிட்டிருக்கு. வேகத்தைக் கூட்டணும்."

"கூட்டவா? வீடே விழுந்துரும்யா!" என்றார் சிட்டாள்.

அதற்குள் அரசப்பன் எஞ்சினின் வேகக் கைப்பிடியை விருட்டென்று ஏற்றிவிட்டார். ஒரு கணம் ஓடுகள் கடகடத்தன. ஐந்நூற்றிருபது. டம்ளரை மறுபடி நிரப்பிவிட்டு அடுத்த வெற்றிலையை எடுத்தார். மறுபடி நான்கு நிமிடம். தண்ணீரில் முடி போல மெல்லிய வளையங்கள் மட்டும். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

சிட்டாள் வீட்டுக்குள் போய்ச் சுவரில் கைவைத்துப் பார்த்துவிட்டு வந்தார். "ஆட்டம் நின்னுருச்சு. சத்தந்தான் கூடிப்போச்சு."

"காதுக்குப் பஞ்சு வச்சுக்கிருங்க, ஆத்தா. செவருக்கு வைக்க முடியாது."

விரலில் மீந்திருந்த சுண்ணாம்பை, கைப்பிடி நானூற்றிருபதில் நிற்கும் இடத்தில் ஒரு கோடாக இழுத்தார். "இதைத் தாண்டிப் போங்க, மொதலாளி. இங்க மட்டும் நிக்காதீக."

வெடிப்பைப் பூச நாளைக் காலை கொத்தனார் வருகிறார். மில் ஓடும்போதே பூசப்போகிறார்.