ஆறு பேருக்கும் மறுபடி

ஆஸ்பத்திரியில் அந்த அம்மாளை எல்லோரும் ‘நிதானம் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கவாதம் வந்தவர்களையும் காலை முறித்துக்கொண்டவர்களையும் மறுபடி நடக்கப் பழக்குகிற இயன்முறை சிகிச்சைப் பிரிவில் வேலை. இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி வைத்த பாதையில் நோயாளி முதல் அடி எடுத்து வைக்கும்போது, பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தபடி, “நிதானம், நிதானம்” என்று சொல்லிக்கொண்டே வருவார். அந்த வார்த்தையே பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. மற்றபடி அக்காவிடம் நிதானம் மருந்துக்கும் கிடையாது. மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவுவார். டீ ஆறும்வரை பொறுக்கமாட்டாமல் நாக்கைச் சுட்டுக்கொள்வார்.

அந்த வருஷம் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்கு அழைப்பு வந்தது. இயன்முறை சிகிச்சைப் படிப்புக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்க அங்கே குழு நேர்காணல் நடத்துவார்கள். ஆறு பேரை ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து, ஒரு பிரச்சினையைச் சொல்லி, நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று விட்டுவிடுவார்கள். சுவரோரமாக மூன்று பேர் உட்கார்ந்து, யார் என்ன பேசுகிறார்கள், அடுத்தவரை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். மூவரில் ஒருவர் துறைத் தலைவர், இன்னொருவர் ஓர் இளம் விரிவுரையாளர். மூன்றாமவராக ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற ஒருவர் வேண்டும் என்று அக்காவைக் கேட்டார்கள்.

“எனக்கு இதெல்லாம் பழக்கமில்லையே மேடம்” என்று போனில் இழுத்தார் அக்கா.

“யாரை நம்பி ஒரு நோயாளிய விடலாம், யாரை நம்பி விடக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியும்ல? அதைச் சொன்னா போதும்” என்றார் துறைத் தலைவர். கறாரான பெண்மணி. ஆனால் சிரிப்பு வந்தால் அடக்கத் தெரியாது.

அக்காவின் கணவருக்கு இரும்புத் தகடு வெட்டும் பட்டறையில் வேலை. வருஷக்கணக்கான சத்தத்தில் காது பாதிக்கு மேல் போய்விட்டது. காதுக் கருவி மாட்டினாலும், இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் அவருக்கு எல்லாம் இரைச்சல்தான். அப்போது இரண்டு பேரையும் பார்த்துப் பொதுவாக ஒரு புன்னகை செய்வார். ஒன்றும் புரியவில்லை என்பதற்கான புன்னகை அது என்று அக்காவுக்குத் தெரியும். அதனால் வீட்டில் ஒருவர் முடித்த பிறகுதான் அடுத்தவர் பேச வேண்டும். மகளுக்கு வாய் ஓயாது. பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் தொண்டைக்குள் முட்டிக்கொண்டு நிற்க, தன் முறை வரும்வரை நாற்காலியில் நெளிந்துகொண்டிருப்பாள்.

நேர்காணலின் முதல் நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்த குழுவில்தான் அது நடந்தது. கொடுத்த பிரச்சினை இதுதான்: சிகிச்சைப் பிரிவில் ஒரே ஓர் இடம் காலி. காத்திருப்பவர்கள் மூன்று பேர். பக்கவாதம் வந்த பெரியவர், கால் முறிந்த பஸ் டிரைவர், நடக்கத் தாமதமாகிற ஒரு குழந்தை. யாரை முதலில் எடுப்பது?

உயரமான ஒரு பையன் சட்டென்று பேச்சைக் கையில் எடுத்துக்கொண்டான். குரல் நன்றாக இருந்தது, பேச்சும் கோர்வையாக இருந்தது. இன்னும் இரண்டு பேர் அவனோடு மல்லுக்கு நின்றார்கள். சற்று நேரத்தில் மூவரும் ஒருவர் வாய்மேல் ஒருவர் ஏறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் முடி விழும்படி தலை வாரியிருந்த ஒரு பெண், பேசுகிறவர்களின் வாயையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எதற்கோ எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி வந்தது.

அக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தப் புன்னகை அவருக்குத் தெரிந்த புன்னகை.

ஒரு கட்டத்தில் அந்தப் பெண் கையைத் தூக்கி, “கொஞ்சம் ஒவ்வொருத்தரா பேசலாமா?” என்றாள். உயரமான பையன், “சாரி, நேரம் கம்மியா இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடர்ந்தான். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.

குழு வெளியே போனதும் விரிவுரையாளர் தன் குறிப்பைப் படித்தார். “முடி முன்னால விழுற பொண்ணு பங்கெடுத்துக்கவே இல்ல. விவாதம் நல்லாப் போயிட்டிருந்தப்போ தடுக்க வேற பார்த்தா.”

“அந்தப் பொண்ணுக்குக் காது கேக்கல சார்” என்றார் அக்கா.

“விண்ணப்பத்துல அப்படி எதுவும் இல்லையே.”

“விண்ணப்பத்துல இல்லாம இருக்கலாம். எங்க வீட்டுக்காரருக்கும் காது கேக்காது. இதே மாதிரிதான் வாயைப் பார்த்துட்டு உக்காந்திருப்பாரு.” சொல்லிவிட்டு அக்கா தயங்கினார். “மேடம், இதையும் சொல்லிடறேன். வீட்டுல தெனமும் பாக்கறதால எனக்கு அந்தப் பொண்ணு மேல ஒரு சாய்வு வந்திருக்கலாம். அதனால நான் சொல்றதை அப்படியே எடுத்துக்காதீங்க. நீங்களே அவளைக் கூப்பிட்டுக் கேளுங்க.”

துறைத் தலைவர் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டனுப்பினார். அவள் வந்து நின்றதும் நேராக அவள் முகத்தைப் பார்த்து, “உங்களுக்குக் கேக்கறதுல ஏதாவது சிரமம் இருக்கா?” என்று கேட்டார்.

அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. முடியை ஒதுக்கிக் காட்டினாள். இரண்டு காதிலும் கருவி இருந்தது.

“ஏம்மா முன்னாடியே சொல்லல?”

“சொன்னா எடுக்க மாட்டீங்கன்னு நெனச்சேன் மேடம். ஒருத்தர் ஒருத்தரா பேசினா எனக்கு நல்லாவே புரியும். சமாளிச்சிடலாம்னு பார்த்தேன்.”

அவள் போன பிறகு மூவருக்கும் இடையில் வாக்குவாதம் வந்தது. “இவளை மட்டும் மறுபடி கூப்பிட்டா மத்தவங்க சும்மா இருப்பாங்களா? எல்லாருக்கும் ஒரே விதின்னுதானே நடத்தறோம்?” என்றார் விரிவுரையாளர். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

“அந்த விதி அந்தப் பொண்ணு காதுல விழவே இல்லையே சார்” என்றார் அக்கா.

அதைக் கேட்டுத் துறைத் தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விரிவுரையாளரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். “சரி” என்றார் துறைத் தலைவர். “அவளை மட்டும் கூப்பிட்டா அது சலுகை. அந்த ஆறு பேரையும் நாளைக்கு மறுபடி உக்காரவைப்போம். வேற கேள்வி, ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேசணும். இனி வர்ற குழுக்களுக்கும் அதே விதி. இதுவரைக்கும் வந்துட்டுப் போன குழுக்கள்ல யாராவது வாய் திறக்காம உக்காந்திருந்தா, அவங்களையும் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசிடுவோம். வேலை ரெட்டிப்பாகும். பரவாயில்ல.”

அன்று வீட்டுக்குப் போகும்போது அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்துவிட்டது போலவே கணவரிடம் கதை சொன்னார். “இன்னும் அவ பேசவே இல்லையே” என்றார் அவர். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆறு பேரும் வந்தார்கள். அந்தப் பெண் இந்த முறை காதுக் கருவி தெரியும்படி முடியை ஒதுக்கியிருந்தாள். உயரமான பையன் உள்ளே வந்ததுமே அந்தப் பெண்ணின் எதிரில் போய் நின்று, “நேத்து எனக்குத் தெரியல. ரொம்பப் பேசிட்டேன்” என்றான். “பரவாயில்ல” என்றாள் அவள், கொஞ்சம் வெடுக்கென்றே.

இந்த முறை கேட்டது: ஒரு நோயாளி பயிற்சி செய்யவே மாட்டேன் என்கிறார். குடும்பத்தார், கட்டாயப்படுத்தியாவது நடக்க வையுங்கள் என்கிறார்கள். நீங்கள் என்ன செய்வீர்கள்?

அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். குரல் தெளிவாக இருந்தது. “இதுல யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. வலிக்கத்தான் செய்யும். நோயாளி சொல்றதையெல்லாம் கேட்டுட்டு உக்காந்தா கால் மடங்கி இறுகிப் போயிடும். அப்புறம் யாராலயும் நிமித்த முடியாது. அவர் அழுதாலும் சரி, செய்ய வைக்கணும்.”

அக்காவின் பேனா நின்றது.

அதுவரை யார் கண்ணிலும் படாத ஒரு பையன் மேசையின் கோடியில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் அவனும் வாய் திறந்திருக்கவில்லை. அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும், சத்தத்துக்குள் நுழையத்தான் தெரியவில்லை. அவன் முறை வந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்: “எங்க மாமா ஒருத்தர் இப்படித்தான் படுத்திருந்தாரு. நடக்க மாட்டேன்னு ஒரே பிடிவாதம். ஒருநாள் அத்தை, உனக்கு என்னதான் வேணும்னு கேட்டாங்க. யார் தயவும் இல்லாம கக்கூஸுக்குப் போகணும், அது போதும்னாரு. அவருக்கு நடக்கறதைப் பத்திக் கவலையே இல்ல. அதுக்கப்புறம் கக்கூஸ் வரைக்கும் மட்டும் பழக்கினாங்க. அப்புறம் அவரே வாசல் வரைக்கும் போக ஆரம்பிச்சாரு.”

“எல்லா மாமாவும் அப்படி மாறிடுவாங்களா? அதுக்குள்ள கால் இறுகிட்டா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“இறுகலாம்” என்று ஒத்துக்கொண்டான் அவன். “ஆனா கேட்டுப் பாக்கறதுக்கு ரொம்ப நேரம் ஆகாதே.”

உயரமான பையன் இரண்டு பேர் சொன்னதையும் பொறுமையாகக் கேட்டான். படுக்கையில் இருக்கும்போதே காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தால் இறுகாது, அதற்குள் அவர் மனசைத் தெரிந்துகொள்ளலாம் என்று இரண்டையும் பொருத்திச் சொன்னான். முண்டியடிக்கத் தேவையில்லாதபோது அவன் நன்றாகவே யோசித்தான்.

அக்கா அந்தப் பெண்ணுக்கு எவ்வளவு போடுவது என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டிப் போட்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் இந்தப் பெண்ணை நம்பித் தன் நோயாளியை விடுவோமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அழுதாலும் சரி என்றாளே. அந்த வார்த்தையைத் தாண்டி வர முடியவில்லை. தோன்றியதையே போட்டார். மற்ற இருவரும் ஏறக்குறைய அதையேதான் போட்டிருந்தார்கள்.

கோடியில் உட்கார்ந்திருந்த பையனுக்கும் உயரமான பையனுக்கும் இடம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா தட்டில் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார். கணவர் பார்த்துவிட்டு, “என்னம்மா, மொகத்தைத் தொங்கப்போட்டுட்டு இருக்கே?” என்று கேட்டார்.

“நான்தானே அவளை இழுத்து உள்ள விட்டேன். காதுல இருக்கறதை எல்லார் முன்னாடியும் காட்ட வெச்சு, கடைசில இல்லைன்னு அனுப்பிட்டோம். அதுக்கு நேத்தே பேசாம விட்டிருக்கலாம்.”

கணவர் கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். “பட்டறைல என்னை மேஸ்திரியாக்கலைல்ல, ஞாபகம் இருக்கா? காது கேக்காதவன் எப்படி ஆளுங்களை மேய்ப்பான்னு பேசிக்கிட்டாங்களாம். எவனும் எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல. உன் வேலை சரியில்லைன்னு சொல்லி விட்டிருந்தா ரெண்டு நாள் திட்டித் தீத்துட்டு மறந்திருப்பேன். இது இன்னும் உள்ள கெடக்குது. அந்தப் பொண்ணு ரெண்டு நாள் உன்னைத் திட்டட்டும், விடு.”

“அப்பா, நான் பேசலாமா?” என்று மகள் கேட்டாள். அவள் வெகுநேரமாகக் காத்திருந்தாள்.

அந்தப் பெண் இரண்டு நாளைக்கு மேலேயே திட்டியிருப்பாள் போல. அக்காவுக்கு வெகுநாள்வரை அவளைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை. நேர்காணல் விதி மட்டும் நிலைத்தது. யாருக்காவது என்ன வசதி வேண்டும் என்பதை அழைப்பு அனுப்பும்போதே கேட்க ஆரம்பித்தார்கள். அக்காவையும் வருஷா வருஷம் கூப்பிட்டார்கள். அந்தக் கோடிப் பையன் பயிற்சிக்காக அக்காவின் பிரிவுக்கே வந்து சேர்ந்தான். இன்னமும் சத்தமான இடத்தில் வாய் திறக்கமாட்டான். நோயாளிகள் அவனைத்தான் தேடுவார்கள்.

சில வருஷம் கழித்து ஒரு நாள், ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் செயற்கைக் கால்களும் காலைத் தாங்கிப் பிடிக்கிற கால் பட்டைகளும் செய்கிற பட்டறையிலிருந்து ஒரு கால் பட்டை வந்தது. நோயாளிக்கு அது கணுக்காலில் அழுத்துகிறது என்று அக்கா அதை எடுத்துக்கொண்டு படியில் தடதடவென்று இறங்கினார். மேசையருகே முடியை இறுக்கிப் பின்னிக் கட்டிய ஒரு பெண், தலைநிமிராமல் பட்டைக்கான தோலை வெட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு காதிலும் கருவி பளிச்சென்று தெரிந்தது. அக்கா அவள் பார்வையில் படும்படி எதிரில் போய் நின்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அடையாளம் தெரிந்துகொண்டாள்.

“நீங்கதானே எனக்கு மார்க் கொறைச்சுப் போட்டது?”

“ஆமா” என்றார் அக்கா. “அதுக்கு முன்னாடி உன்னை மறுபடி கூப்பிடச் சொன்னதும் நான்தான்.”

“தெரியும். மேடம் சொன்னாங்க.” அவள் பட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “ஆனா இன்னைக்குக் கேட்டாலும் நான் அதேதான் சொல்லுவேன். இறுகின காலுக்கு அளவெடுக்கறது என்ன பாடுன்னு தெரியுமா உங்களுக்கு? நீங்கல்லாம் கெஞ்சிக் கொஞ்சிட்டு உக்காந்துடறீங்க, அது கடைசில இங்க என் மேசைக்குத்தான் வருது.”

“கொஞ்சாம விரட்டினா அவங்க ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாங்களே அம்மா. அப்போ எங்க போய் அளவெடுப்பே?”

“அது உங்க பாடு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். இந்த முறை அவள் சிரிப்பு யாருக்கும் பிந்தி வரவில்லை. “எங்க அழுத்துதுன்னு அந்த ஆளையே கேட்டீங்களா?”

“கேட்டேன். கணுக்கால்ல, உள்பக்கம்.”

“இல்ல, அவரைக் கீழ கூட்டிட்டு வாங்க. நானே கேட்டுக்கறேன்” என்றாள் அவள், விளக்கை மேசைப் பக்கம் இழுத்து வைத்தபடி. அக்கா மறுபடி மாடிக்கு ஓடினார், இரண்டிரண்டு படியாக.