மஞ்சளுக்குள் இருந்த புள்ளிகள்: துணுக்காயிலிருந்து வவுனியா ஆஸ்பத்திரிக்கு

கூட்டிவிட்ட முற்றத்தில் அம்மாவின் காலடிகளுக்குப் பக்கத்தில் ஒரு கோடு இழுபட்டுக் கிடந்தது. இடது பாதத்தை அவரால் தூக்க முடியவில்லை. பாதம் விழுந்ததை அந்தக் கோட்டில்தான் நான் முதலில் கண்டேன்.

முந்திய வருஷம் அம்மாவின் மார்பில் புற்றுநோய் என்று வெட்டி எடுத்திருந்தார்கள். அவரைப் பார்க்கவென்று நான் பள்ளிக்கூடத்தை விட்டேன். பாதம் விழச் சில நாள் முன்னமே காலில் சிவந்த புள்ளிகளும் வந்திருந்தன. அம்மை என்று நினைத்த அம்மா, காலில் மஞ்சள் அரைத்துப் பூசி, வாசல் படலையில் வேப்பிலை கட்டுவித்தார். அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை அந்த மஞ்சளைத் துடைக்கக்கூடாது. வேப்பிலை கட்டிய வீட்டுக்கு எங்கள் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். வரவும் இல்லை. பாதம் விழுந்த பிறகுதான் என் தகப்பனார் அப்பு மாட்டு வண்டில் கட்டினார்.

துணுக்காயிலிருந்து மாங்குளம் ஸ்டேஷன் பன்னிரண்டு மைல் இருக்கும். விடியமுன் வெளிக்கிட்டால் வவுனியா ரயிலைப் பிடிக்கலாம். வழியில் கடை இல்லை. தண்ணீர் கொண்டு போங்கள். வயலில் நெல் அறுக்கும் அருவி வெட்டு என்பதால் அப்பு ஸ்டேஷனோடு திரும்பிவிட்டார். ரயிலில் எங்களோடு ஒருவரும் கதைக்கவில்லை. புள்ளிகளைப் பற்றி வாய் திறக்காதே, அம்மாள் தெய்வம் வந்ததை நோய், வருத்தம் என்று சொல்வது குற்றம் என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பாதத்தைத் தட்டிப் பார்த்தார். அம்மா சேலையைக் கணுக்கால்வரை இழுத்துப் பிடித்திருந்தார். புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் போயிருக்கலாம், அப்படியென்றால் செய்வதற்கு அதிகமில்லை என்று டொக்டர் மெதுவாகச் சொன்னார். வேறு ஏதும் இருக்கிறதா என்றும் கேட்டார். அம்மா இல்லை என்றார்.

எனக்குப் பிற ஆட்களோடு கதைக்க வராது. குனிந்துகொண்டே சொன்னேன்.

"காலிலை புள்ளி இருக்கு ஐயா. மஞ்சள் மூடிக் கிடக்கு."

"வாயைப் பொத்து பிள்ளை. இன்னும் தண்ணி வாக்கேல்லை," என்றார் அம்மா.

"துடைச்சு விடுங்கோ தங்கச்சி, பாப்பம்," என்றார் டொக்டர்.

ஈரத் துணியால் துடைத்தேன். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். டொக்டர் புள்ளிகளின் மேல் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து அழுத்தினார். அவை மறையவில்லை. அம்மை என்றால் கொப்புளித்துக் காய்ந்திருக்கும், இது தோலுக்குள் கசிந்த இரத்தம் என்றார். கெண்டைக்காலில் சின்னத் துண்டு வெட்டிக் கொழும்புக்கு அனுப்பினார்கள்.

பதில் வரும்வரை நான் விறாந்தையில் கிடந்த மர வாங்கிலில் இருந்தேன். சோறு கொண்டுபோனால் அம்மா வாங்குவார். சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். நோயாளியோடு போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். மேலில் பூசியதைக் கழுவிவிட்டுப் போங்கள். கேட்காவிட்டாலும் எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

வெட்டிய துண்டில் புற்றுநோய் இல்லை. சின்ன இரத்தக் குழாய்களின் சுவர்கள் அழன்று வீங்கி, நரம்புக்கு இரத்தம் போகாமல்தான் பாதம் விழுந்திருக்கிறது. உடம்பு முழுக்கப் பரவக்கூடிய வருத்தமாம், வெகு அபூர்வமாம். புற்றுநோய் வந்தவர்களுக்கும் சிலவேளை வருமாம்.

"பழைய வருத்தம் திரும்ப வராதெண்டு நான் சொல்லேலாது. ஆனா இதுக்குக் குளிசை மருந்து இருக்கு," என்றார் டொக்டர்.

குளிசையைக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை.

"அம்மாள் கேட்டா நீதான் பதில் சொல்லவேணும்."

"ஓம். நான் சொல்லுறன்," என்று குளிசையை அவர் நாக்கில் வைத்தேன்.