செல்வம் பாடின கேசட்

இன்னைக்கு வத்தலக்குண்டுல கொடைக்கானல் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டுல ஒரு பொண்ணு.

"அங்கிள், நீங்க எங்கப்பா பேண்டுல டிரம்ஸ் வாசிச்சவர்தானே?"

செல்வத்தோட மக. அதே மூக்கு.

எண்பதுகள்ல கொடைக்கானல்ல நாங்க நாலு பேரு ஆரம்பிச்ச ராக் பேண்ட் எட்டு மாசம்கூடத் தாங்கல. பதிஞ்சது ஒரே ஒரு கேசட். பாடினது செல்வம்.

"கேசட் முதுகுல இருக்குற பிளாஸ்டிக் துண்ட உடைச்சிருலே, அப்பத்தான் மேல வேற எதுவும் பதியாது"ன்னான்.

"இருக்கட்டும்லே, அடுத்த தடவ இன்னும் நல்லாப் பாடி இதுலயே பதிவோம்"னேன்.

அடுத்த மாசம் எங்கம்மா அதுமேல சர்ச் பிரசங்கத்தப் பதிஞ்சிட்டாங்க. செல்வத்துக்கிட்ட நான் கடைசிவரைக்கும் சொல்லல.

"பாட்டு உங்ககிட்ட பத்திரமா இருக்குன்னு அப்பா சாகுறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு அங்கிள். ஒரு தடவ கேக்கணும்."

"ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வாம்மா"ன்னுட்டேன்.

நான் வீடு வந்து சேந்ததும் கேசட்ட முழுசா ஓட்டினேன். பிரசங்கம் ஆமென்ல முடிஞ்சு, டேப் தீருற எடத்துல செல்வம் குரல்: "சரியா வரலலே. இன்னொரு தடவ எடுப்போம்."

அவ்வளவுதான் மிச்சம். அந்தப் பொண்ணுக்கு இதையா போட்டுக் காட்ட? நீங்களே சொல்லுங்க.

பிளாஸ்டிக் துண்ட இப்ப உடைச்சிட்டேன். ரொம்ப வெரசா.