நெற்றிக்கு மேலே ஒரு வெள்ளைக் கற்றை

பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறவளை எல்லோரும் பார்லர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பிறவியிலேயே அவளுக்கு நெற்றிக்கு நேர் மேலே இரண்டு விரல் அகலத்துக்கு முடி வெள்ளை. பள்ளியில் அதைக் காக்கா எச்சம் என்று கேலி செய்தார்கள். பதினாறு வயதில் சாயக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். அதுவே பிழைப்பாகவும் ஆனது. அப்பாவுக்கும் அந்தக் கற்றை உண்டு. அவர் ஆயுள் முழுக்க மொட்டைத் தலையோடு சமாளித்தார். தாத்தாவுக்கும் இருந்ததாம். அவர் அநாதை விடுதியில் வளர்ந்தவர். அவருக்கு மேலே யார் என்று கேட்டால் வீட்டில் பேச்சு மாறிவிடும்.

ஒரு நாள் முற்பகல் வெள்ளைக்காரப் பெண்மணி ஒருத்தி தலை அலச வந்தாள். வாசலில் நின்றபடி டாக்சி ஓட்டுநர் மொழிபெயர்த்தார்.

"இந்தம்மா தன்னோட கொள்ளுத்தாத்தாவத் தேடி வந்திருக்காங்க. இந்த ஊருக்குக் குழாய்த்தண்ணி கொண்டாந்த இன்ஜினியராம்."

"அவரத் தேடி இங்கயா? எங்கிட்ட ஷாம்பூதான் இருக்கு."

பெண்மணி தொப்பியைக் கழற்றினாள். செம்பட்டை முடிக்கு நடுவே, நெற்றிக்கு மேலே, வெள்ளைக் கற்றை. தலையை நனைத்துவிட்டு அக்கா அதை விலக்கிப் பார்த்தாள். சாயமில்லை; அடியில் தோலும் வெளுத்திருந்தது. திறந்த குழாயை மூடினாள்.

"இது பொறந்ததுலேர்ந்தே இருக்கான்னு கேளுங்க."

"ஆமாங்கறாங்க. அந்தக் கொள்ளுத்தாத்தாவுக்கும் இருந்துச்சாம்."

அக்கா நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டுத் தன் முடியை வகிர்ந்து காட்டினாள். சாயம் பூசி நாளாகிவிட்டதால் வேரில் வெள்ளை தெரிந்தது. பெண்மணி ஈர விரலால் அதைத் தொட்டாள். அதுவரை வாய் ஓயாத ஓட்டுநர் இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்மணி கிளம்ப, மூவருமாகக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனார்கள். மாடிப்படித் திருப்பத்தில் அந்த இன்ஜினியரின் ஆளுயர ஓவியம் மாட்டியிருந்தது. எத்தனையோ முறை அக்கா கடந்து போன ஓவியம்தான். கடைநிலை ஊழியர் ஸ்டூலில் ஏறித் தூசியைத் துடைத்தார். நெற்றிக்கு மேலே ஒட்டடை என்று அவள் நினைத்திருந்த வெள்ளை மட்டும் போகவில்லை. அதே இடம், அதே அகலம்.

பெண்மணி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள். "இவரு இங்க ஒரு பிள்ளைய விட்டுட்டுப் போனாருன்னு அவங்க வீட்டுல அரசல் புரசலாப் பேசிக்குவாங்களாம்," என்றார் ஓட்டுநர்.

"தெரிஞ்சேதான் விட்டுட்டுப் போனாரா?"

அதை மொழிபெயர்க்க ஓட்டுநர் தயங்கினார். பிறகு கேட்டார். பெண்மணி ஆமென்று தலையசைத்தாள், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கோபம் பிறகு வந்தது. பல நாள் இருந்தது. அந்த நேரத்தில் வியப்பு ஒன்றுதான். பெயர் வரவில்லை, மொழி வரவில்லை, சொத்து வரவில்லை. இரண்டு விரல் அகல முடி மட்டும் வழி தவறாமல் இரண்டு கரைகளிலும் வந்து சேர்ந்திருக்கிறது. சில மாதங்கள் கழித்து எச்சிலில் செய்த மரபணுப் பரிசோதனையும் அவர்கள் ஒரே ஆளின் வழித்தோன்றல்கள்தான் என்றது.

அக்கா சாயம் பூசுவதை விட்டுவிட்டாள். "எனக்கும் இதே மாதிரி போட்டு விடுங்கக்கா" என்று கல்லூரிப் பெண்கள் வருகிறார்கள். "நாலு தலைமுறை ஆகும், உக்காரு" என்கிறாள்.

குடிநீர் அலுவலகப் பக்கம் போனால் மாடிப்படி ஏறுவாள். கும்பிட மாட்டாள், திட்டவும் மாட்டாள். ஊழியர் வந்து வழிவிடச் சொல்லும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பாள்.